முந்நூற்றுப் பன்னிரண்டு போல்ட்டும் பத்தொன்பது போல்ட்டும்

ராட்காவுக்கு வேலை போனதற்கு நான்தான் காரணம். அவளைக் காப்பாற்றப் போய்த்தான் அப்படி ஆயிற்று என்று பிறகு பலரிடம் விளக்கிப் பார்த்தேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதனால் இப்போதெல்லாம் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ரொடோபி மலையில் எங்கள் ஊரில் உருப்படியாக இருப்பது ஒரு நாற்காலித் தொழிற்சாலை. ஒரு பக்கம் பீச் என்ற காட்டுமரம் உள்ளே போகும், மறுபக்கம் நாற்காலி வெளியே வரும். நடுவில் பதினொரு இயந்திரங்கள். அவற்றில் பாதிக்கு என் வயது, மீதி என்னைவிட மூத்தவை. முதலாளி காம்புரோவின் அறை மாடியில் இருந்தது. அதில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் பட்டறையைப் பார்த்தபடி இருக்கும். அவர் காப்பிக் கோப்பையோடு அங்கே நின்றுகொண்டு யார் வேலை செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று பார்ப்பார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த நிர்வாகம்.

நான் ஸ்டோர் பார்ப்பவன். பெயர் நெத்யால்கோ. போல்ட், நட்டு, வாஷர், பெல்ட், பேரிங், கிரீஸ் எல்லாம் என் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும். யார் எதை வாங்கினாலும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

இயந்திரங்களைப் பழுதுபார்க்க இருபது வருடங்களாக ஒரே ஆள்தான் இருந்தார், மேஸ்திரி ஜாப்ரியன். கழுத்தும் தோளும் ஒன்றாகவே வார்த்தது போன்ற உடம்பு. இளவயதில் புனித ஜார்ஜ் திருவிழாவில் மல்யுத்தம் செய்து மூன்று வருடம் தொடர்ந்து ஆட்டுக்கிடா ஜெயித்தவர். நான்காவது வருடம் எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை என்பார். அந்தத் தோளை அவர் போல்ட்டுகளின் மேல் இறக்கிவைத்தார். ஸ்பானர் பிடிக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர்க் குழாயைச் செருகி, அதன் நுனியில் தொங்குவார். "கத்துற வரைக்கும் முறுக்கணும். கத்தினதுக்கப்புறம் கால் சுத்து. அவ்வளவுதான் வித்தை" என்பார்.

அவர் முறுக்கிய போல்ட்டை அவரைத் தவிர யாராலும் கழற்ற முடியாது. அதனால் ஒரு பெல்ட் மாற்றுவதென்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். மோட்டார் அடிமனையில் போல்ட் நுழையும் வார்ப்பிரும்புக் காது விரிசல் விடும், கூப்பிடுவார்கள். பேரிங் மூடியை அவர் இறுக்கிய இறுக்கில் பேரிங் அடுப்புபோல் கொதிக்கும், கூப்பிடுவார்கள். மரை பிய்ந்து போல்ட் சும்மா சுற்றும், கூப்பிடுவார்கள். அவரும் ஓடி ஓடிச் சரிசெய்வார். ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் காம்புரோவ் ரக்கியா என்ற பழச்சாராயக் கிண்ணத்தை உயர்த்தி, மேஸ்திரி இல்லாவிட்டால் இந்தத் தொழிற்சாலை ஒரு வாரம்கூட ஓடாது என்பார். ஜாப்ரியன் கண் கலங்க எழுந்து நிற்பார். நாங்கள் கைதட்டுவோம். அந்தப் பேச்சில் பொய் ஏதும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ராட்கா ஒரு மார்ச் மாதம் வந்தாள். பள்ளத்தாக்கில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று மூடிப்போய், அங்கிருந்து வந்தவள். நாற்பத்தாறு வயது, சிறிய உருவம், ஆண்களின் நீலச் சட்டையைக் கையை மடித்துப் போட்டிருப்பாள். காம்புரோவ் இயந்திரங்களை இரண்டாகப் பிரித்தார். வாசல் பக்கம் ஆறு ஜாப்ரியனுக்கு, சுவர்ப் பக்கம் ஐந்து அவளுக்கு. சுவர்ப் பக்கத்தில்தான் பெரிய பிளானர் இருந்தது. பலகையை ஒரே தடிமனாக இழைத்துத் தரும் இயந்திரம் அது. அதன் வயிற்றுக்குள் ஓர் உருளை நிமிடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றும். உருளையில் நான்கு கத்திகள், ஒவ்வொரு கத்தியையும் ஓர் ஆப்புச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆறு போல்ட்டுகள்.

முதல் நாளே அவள் என் ஜன்னலுக்கு வந்து ஆறு போல்ட் கேட்டாள். நான் புதுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காம்புரோவ் எங்கிருந்தோ மூட்டையாக வாங்கிப்போட்டது. வெள்ளிபோல் மின்னும். அவள் ஒன்றை எடுத்து, தலையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது தலையில ஒண்ணும் எழுதலையே."

"என்ன எழுதணும்?"

"நம்பர். எட்டு புள்ளி எட்டுன்னு இருக்கணும். எவ்வளவு இழுத்தா தாங்கும்னு இரும்பு தானே சொல்ற பேச்சு அது. இது வாயே தொறக்கல."

"பளபளன்னு இருக்கே."

"பளபளன்னுதான் இருக்கு. கோழிக்கூண்டு கட்டலாம்."

நான் பழைய டப்பாக்களைக் கிளறி, அடியில் கிடந்த கறுத்த போல்ட்டுகளைத் தேடிக் கொடுத்தேன். தலையில் எண் இருந்தது. அதோடு விடவில்லை. நீளம் சரியா என்று இயந்திரத்திலிருந்து கழற்றியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், மரையை நகத்தால் வருடினாள், ஒன்றை விரலால் மட்டும் துளையில் திருகி அடிவரை போகிறதா என்று பார்த்தாள். விரலுக்குப் போகாத போல்ட்டை ஸ்பானர் கொண்டு மிரட்டக்கூடாது என்றாள். அரை மணி நேரம் ஆறு போல்ட்டுக்கு. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றி சொன்னாள். இத்தனை வருடத்தில் போல்ட்டுக்காக எனக்கு நன்றி சொன்ன முதல் ஆள் அவள்தான்.

பெட்டியிலிருந்த வாய் திறக்காத போல்ட்டுகளை என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஜாப்ரியனுக்குக் கொடுத்தேன். அவர் தலையைப் பார்ப்பதில்லை. கைநிறைய அள்ளிக்கொண்டு போவார்.

அவளிடம் ஒரு விசேஷ ஸ்பானர் இருந்தது. பிடியில் அளவுக்கோடுகள் இருக்கும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டக் என்று ஒரு சத்தம் போடும். அதற்கு மேல் அவள் ஒரு மயிரிழைகூட முறுக்க மாட்டாள். ஜாப்ரியன் முதல் தடவை அதைப் பார்த்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் பீன்ஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சி, அது ஸ்பானரா, அலாரம் கடிகாரமா? எழுப்பிவிடுமா?"

"எழுப்பாதுண்ணே. போதும்னு சொல்லும்."

"எனக்குப் போதும்னு சொல்ல என் பொண்டாட்டி இருக்கா. அவ சொல்லியே நான் கேக்கல."

மேசை முழுக்கச் சிரித்தது. ராட்காவும் சிரித்தாள். பிறகு சூப்பைக் குடித்தபடியே சொன்னாள், "போல்ட்டுங்கறது ரப்பர் மாதிரிண்ணே. முறுக்கினா கொஞ்சம் நீளும். திரும்பிச் சுருங்கணும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருக்கும். அந்த ஆசைதான் ரெண்டு இரும்பையும் சேத்துப் புடிக்குது. நீங்க அந்த ஆசையே இல்லாம ஆக்கிடுறீங்க."

ஜாப்ரியன் கரண்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். இரும்புக்கு ஆசையாம் என்றார். மறுபடியும் சிரித்தோம். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் ஓடியது. வாசல் பக்கம் எப்போதும் திருவிழாதான். சுத்தியல் சத்தம், குழாய் விழும் சத்தம், ஜாப்ரியனின் கெட்ட வார்த்தைகள், நடுவில் ஒரு போல்ட் ஒடியும் சத்தம், அதைத் தொடர்ந்து இன்னும் கெட்ட வார்த்தைகள். சுவர்ப் பக்கம் ஐந்து இயந்திரங்களும் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தன. கத்தி மாற்றும் நாளில் மட்டும் ராட்கா பிளானரைத் திறப்பாள். ஆப்பிலும் உருளையிலும் ஒட்டியிருக்கும் பிசினைத் துடைப்பாள். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு ஓரங்களுக்கும் மாறி மாறி இறுக்குவாள். முதல் சுற்றில் லேசாக, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் டக். ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஒரு தரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாள். பிறகு ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். சில நேரம் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைப் பேரிங்கிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே சுற்றும் சத்தம் சரியா என்று கேட்பாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தூங்குவது போலவே இருக்கும்.

அந்த ஆகஸ்டில் ஆர்டர்கள் குறைந்தன. காம்புரோவ் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. செப்டம்பர் முதல் வாரம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். இரண்டு மெக்கானிக்கில் ஒருவர்தான் இனி என்றார். அவருக்கு ராட்காவைப் பற்றிச் சந்தேகம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் என் நோட்டு. ஓடிப்போய் எடுத்துவந்து, அந்த வருடத்துப் பக்கங்களைக் கூட்டிக் காட்டினேன். ஜாப்ரியன் எட்டு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு போல்ட் வாங்கியிருந்தார். ராட்கா பத்தொன்பது.

"நீங்களே பாருங்க முதலாளி" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்து, நான் நினைச்சது சரிதான் நெத்யால்கோ, ஆனா இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நினைக்கல என்றார். ஒருத்தர் முந்நூறு போல்ட் அளவுக்கு உழைக்கிறார், இன்னொருத்தர் இருபதுகூட இல்லை என்றார். இல்லை முதலாளி, அது அப்படி இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் டெலிபோனை எடுத்துவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். சத்தமாகப் பேசியிருக்கலாம். ஒரு மெக்கானிக் போதும் என்பவர், ஸ்டோருக்கு ஆள் எதற்கு என்றும் கேட்பாரோ என்ற பயம் வந்தது. நோட்டை அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கிவந்தேன்.

ராட்கா சத்தம் போடவில்லை. காம்புரோவ் அவளிடம் சொன்ன காரணத்தை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்: "உங்க மிஷின்கள் கெட்டுப்போறதே இல்ல, அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?" அவள் அந்த ஸ்பானரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். போகும்முன் ஜாப்ரியனிடம் போய், பிளானர் கத்திக்கு மட்டும் குழாய் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர் பெரிய மனதோடு தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை ஜாப்ரியன் சுவர்ப் பக்கத்துக்கு வந்தார். பிளானர் உருளையின் போல்ட்டில் ஸ்பானரை வைத்து லேசாகத் தள்ளினார். அது அசைந்தது. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, பாத்தியா, எல்லாம் தளர்ச்சி, இத்தனை நாள் யாரும் சாகாதது கடவுள் புண்ணியம் என்றார். குழாயை எடுத்துவந்து இருபத்து நான்கு போல்ட்டையும் கத்தும்வரை முறுக்கினார், கால் சுற்றும் சேர்த்து. தலை மழுங்கிய இரண்டுக்குப் பதிலாக என்னிடமிருந்து இரண்டு பளபளப்பானவற்றை வாங்கிப் போட்டார். நான் கொடுத்தேன். ராட்கா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கொடுத்தேன். இதை எத்தனை தடவை சொன்னாலும் எளிதாக ஆகவில்லை.

அக்டோபரில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மலைமேல் பனிச்சறுக்கு விடுதி ஒன்றுக்கு நானூறு நாற்காலி, முதல் பனிக்கு முன்னால். அதற்குள் சுவர்ப் பக்கத்து ஐந்து இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நோய்வாய்ப்பட ஆரம்பித்திருந்தன. ஜாப்ரியன் பதினொன்றுக்கும் ஒருவராக ஓடினார். காம்புரோவ் ஜன்னலில் நின்று நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மனுஷனை எங்கே தேடினாலும் கிடைக்காது என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார்.

அது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. பிளானரில் பலகை போடுபவள் வெஸ்கா. மூன்று பிள்ளைகளின் தாய், எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை செய்பவள். அடுத்த பலகையை எடுக்க அவள் பக்கவாட்டில் குனிந்தாள். அந்த நேரத்தில் உள்ளே ஒரு போல்ட் தெறித்தது. ஆப்பு தளர்ந்தது. கத்தி கிளம்பியது. எனக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தம், பெரிய கதவை அறைந்து சாத்தியது போல. நான் கம்பிவலையிலிருந்து வெளியே ஓடிவந்தபோது இயந்திரத்தின் தகர மூடியில் ஒரு நீளக் கிழிசல் இருந்தது. யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள். வெஸ்கா தரையில் மரத்தூளின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் விரித்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தும் இருந்தன.

"கத்தி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

எல்லோரும் மேலே பார்த்தோம். மாடி ஜன்னலுக்குச் சரியாக ஒரு முழம் கீழே, உத்தரத்தில் பாதிக்கு மேல் இறங்கி நின்றது. ஜன்னலில் காம்புரோவ் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கத்தியைப் பார்த்தோம். அன்றுதான் அவர் முதல்முறையாகப் படியிறங்கிப் பிளானர்வரை வந்தார்.

வெஸ்காவை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்தால், ஜாப்ரியன் மீதி போல்ட்டுகளைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு போல்ட் அசைய மறுத்தது. அவர் குழாயை இன்னும் நீளமாகப் போட்டு, கால்களை இயந்திரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தார். போல்ட் அசையவில்லை. அவர் தோளில் ஏதோ அறுந்தது. எங்களுக்கே கேட்டது. குழாயை விட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார். இருபது வருடமாக அவரைத் தவிர யாராலும் கழற்ற முடியாதபடி முறுக்கிவந்தவரால் இப்போது தன் போல்ட்டையே கழற்ற முடியவில்லை.

நானூறு நாற்காலியில் நூறுகூட முடியாத நிலையில் காம்புரோவ் என்னைத்தான் ராட்காவிடம் அனுப்பினார். வேறு யாருக்கும் போக முகம் இல்லை. எனக்கும் இல்லைதான். அவள் ஊர்ப் பொதுவில் ரக்கியா காய்ச்சும் கொட்டகையில் இருந்தாள். பிளம்பழக் கூழ் நிறைந்த பீப்பாய்களோடு வரிசையில் நின்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். கொப்பரை மூடியில் ஆவி கசிகிறது என்று அதன் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது வெஸ்காவைப் பற்றி. பிறகு ஜாப்ரியனின் தோளைப் பற்றி. மூன்றாவதாக, என்ன போல்ட் போட்டீங்க என்று கேட்டாள்.

"நான் கொடுத்ததுதான்" என்றேன். "பளபளப்பு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்பானரைத் துணியில் சுற்றிக்கொண்டு, நாளைக் காலையில் வருகிறேன், அந்தப் பெட்டி முழுவதையும் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டுச் சொல்லு என்றாள். அன்று மாலையே அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

மூன்று நாள் ஆயிற்று. எதை இறுக்கினாலும் ஒரு மணி நேரத்தில் முடிப்பவளுக்கு, ஜாப்ரியன் இறுக்கியதைக் கழற்ற மூன்று நாள். மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய் விட்டு ஊறவைத்தாள், தீக்குழாயால் சூடாக்கினாள், சுத்தியலால் தலையில் தட்டினாள். தலை ஒடிந்துபோன நான்கை டிரில் போட்டுத் துருவி எடுத்தாள். முகமெல்லாம் கரி, கையெல்லாம் கிரீஸ், நெற்றியில் வியர்வை. சத்தம் ஊருக்கே கேட்டது. மாடி ஜன்னலில் காம்புரோவ் நின்றுகொண்டேயிருந்தார். இரண்டாம் நாள் அவளுக்குத் தன் கையாலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

ஜாப்ரியன் கட்டுப்போட்ட கையோடு தினமும் வந்தார். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு பெட்டியில் உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளை நல்ல கையால் வாங்கித் தட்டில் அடுக்கினார். மூன்றாம் நாள் ராட்கா பழைய போல்ட் ஒன்றையும் அதே அளவுப் புது போல்ட் ஒன்றையும் அவர் உள்ளங்கையில் பக்கம்பக்கமாக வைத்தாள். பழையது ஒரு மரை அளவுக்கு நீண்டிருந்தது. நடுவில் இழுத்த மிட்டாய்போல் மெலிந்திருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பத்துப் பதினைந்து பார்த்திருப்பார்.

"அப்போ நான் ஓடி ஓடி ரிப்பேர் பண்ணதெல்லாம்..." என்று நிறுத்தினார்.

ராட்கா உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் இல்லண்ணே" என்றாள்.

"பாதி?"

அவள் அடுத்த ஆப்பை எடுத்துத் துடைத்தாள். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் திரும்பிக்கொண்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட தோள் வலித்ததால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் முனகினார். இருபது புத்தாண்டுக்குக் கண்கலங்கி எழுந்து நின்றதை நினைத்துத்தான் சிரித்தேன் என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். அதன்பிறகு இரண்டு நாள் வீட்டை விட்டு வரவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

புது போல்ட்டு வாங்கும்போது காம்புரோவ் தாராளமாகிவிட்டார். பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்று ஒரு வகை இருக்கிறதாமே, இருப்பதிலேயே பெரிய எண் அதுதானாமே, அதையே போடலாம் என்றார். ராட்கா தலையை மேலே தூக்கி நாக்கைச் சொடுக்கினாள், வேண்டாமென்று. "மிஷின் கேட்டது எட்டு புள்ளி எட்டு. அதுக்கு மேல போட்டு யாராவது மீறி முறுக்கினா போல்ட் நிக்கும், உருளையோட மரை பிஞ்சுடும். போல்ட் போனா இன்னொண்ணு வாங்கலாம், உருளை போனா எங்க போறது?" காம்புரோவ் அதைக் கேட்டுக்கொண்டார். புரிந்ததா என்று தெரியாது. அன்று தெறித்தது ஒன்றுதான் என்றாலும் இருபத்து நான்கையும் மாற்றினாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்று. கடைசிச் சுற்றில் இருபத்து நான்கு டக். வெஸ்கா திரும்பி வந்திருந்தாள். முதல் பலகையை ராட்காவே போட்டாள், இரண்டாவதை வெஸ்காவிடம் கொடுத்தாள். வெஸ்கா பாடவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

நாற்காலிகள் சொன்ன தேதிக்கு மூன்று நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தன. அந்த வருடம் பனியும் பிந்தியதால் யாரும் கேட்கவில்லை.

காம்புரோவ் எல்லோரையும் கூட்டி ஒரு பேச்சுப் பேசினார். ராட்காவை அவர் தவறாக எடைபோட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். இந்த மூன்று நாளில்தான் அவள் எப்படி உழைக்கக்கூடியவள் என்று கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இப்படி முன்னாடியே உழைத்திருந்தால் அவளை அனுப்பியே இருக்க மாட்டேன் என்றார். நான் ராட்காவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு இயந்திரமும் இனி அவள் பொறுப்பு, ஜாப்ரியன் அவளுக்கு உதவி என்று அறிவித்தார். கைதட்டினோம்.

ஜாப்ரியன் இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் வேறு மாதிரி ஆனார். மதம் மாறியவர் பரம்பரை பக்தரைவிடக் கடுமையாக இருப்பாரே, அது மாதிரி. என் ஜன்னலில் பூதக்கண்ணாடியோடு வந்து நிற்பார். ஒவ்வொரு போல்ட் தலையையும் படிப்பார். எண் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் திருப்பிக் கொடுப்பார். "மனுஷ உசுரு தொங்குற எடத்துல இதப் போடச் சொல்றியா? இத்தனை வருஷம் ஸ்டோர்ல உக்காந்து என்னத்தடா பாத்தே?" என்று என்னைக் கேட்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் வேறு டப்பாவைத் தேடி எடுப்பேன். வாசல் பக்கத்து ஆறு இயந்திரங்களிலும் தான் முறுக்கியதை ஒவ்வொன்றாக ராட்காவோடு சேர்ந்து கழற்றிப் புதிதாகப் போட்டார். அதற்குக் குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

வசந்தம் வந்தபோது பதினொரு இயந்திரங்களும் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தன. பட்டறையில் மரம் அறுபடும் சத்தம் மட்டும்தான். ராட்கா கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். பக்கத்தில் இன்னொரு பெட்டியில் ஜாப்ரியன். இரண்டு பேரும் ஆளுக்கொரு குச்சியைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருப்பார்கள். மே மாதம் ஒருநாள் காம்புரோவ் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, ஜன்னல் வழியே அவர்களைக் காட்டி, மறுபடியும் வேலை குறைஞ்சுபோச்சோ என்று கேட்டார். உன் நோட்டைக் கொண்டுவா என்றார்.

இந்தத் தடவை நான் நோட்டைக் கொண்டுபோகவில்லை. நேராகக் கீழே போய் இரண்டு பேரிடமும் சொன்னேன். ராட்கா குச்சியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். ஜாப்ரியன் யோசிக்கவில்லை. தொழிற்சாலையின் பின்கொட்டகையில் கிடந்த, எதற்கும் உதவாத ஒரு பழைய பட்டை ரம்ப இயந்திரத்தின் அடிமனையை நான்கு பேரை வைத்து இழுத்துவரச் சொன்னார். அதை மாடி ஜன்னலுக்கு நேர்கீழே வைத்தார். ஒரு தோள்தான் சரியாக வேலை செய்தது. ஆனால் சுத்தியல் பிடிக்க அது போதும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை அங்கே பழுதுபார்க்கும் வேலை நடக்கும். ராட்கா கன்னத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசிக்கொண்டு ஒரு போல்ட்டைக் கழற்றி மறுபடி போடுவாள். ஜாப்ரியன் அடிப்பார், திட்டுவார், குழாயைக் கீழே போடுவார். அவர் திட்டுகிற திட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் என் பங்குக்கு நோட்டில் இருபது போல்ட் எழுதிக்கொள்வேன், மாலையில் அதே இருபதைத் திரும்ப வாங்கி டப்பாவில் போடுவேன்.

போன மாதம் காம்புரோவ் கீழே இறங்கிவந்தார். நாங்கள் கொஞ்சம் ஆடிப்போனோம். அவர் அந்தச் செத்த இரும்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், சட்டைக் கையை மடித்தார், தானும் ஒரு போல்ட்டை முறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். ராட்கா தன் ஸ்பானரை அவர் கையில் கொடுத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். அவர் முறுக்கினார். டக்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் முதலாளி."

அவருக்கு ஏதோ குறைந்தது மாதிரி இருந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் முறுக்கலாமே என்றார். ராட்கா வாயைத் திறப்பதற்குள் ஜாப்ரியன் அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, துணியில் துடைத்து, பைக்குள் வைத்துவிட்டார். பிறகு அவருக்குச் சுத்தியலைக் கொடுத்தார். காம்புரோவ் பதினொரு மணிவரை அடித்தார். சந்தோஷமாக இருந்தார்.